இருபது நிமிடமும் இருபத்தைந்து ஆண்டும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எங்கள் ஊர்களில், ஒரே தென்னை மரத்துக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம், சித்தூர் தாலுகாவில், பாளையைச் சீவி இறக்குவது கள். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இங்கிருந்துதான் அது வண்டியேறிப் போகிறது. அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரத்தில், கள்ளுக்குத் தடை; கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது பதநீர், கொங்குப் பேச்சில் தெளுவு. மரமும் ஒன்றுதான், பாளையிலிருந்து சொட்டும் சாறும் ஒன்றுதான். கலயத்துக்குள் நுண்ணுயிர்கள் எத்தனை தலைமுறை பெருகின என்பதை வைத்தே ஒன்று பானமாகவும் மற்றொன்று குற்றமாகவும் ஆகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்தப் பெருக்கத்தைத் தடுத்துவிடுகிறது. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் முதலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சாற்றைப் புளிக்க வைக்கின்றன, கூடவே ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது, ஒரு நாள் கடந்தால் வேறு வகை பாக்டீரியாக்கள் வந்து அந்தச் சாராயத்தையும் காடியாக மாற்றிவிடுகின்றன. (ஈஸ்ட் பாக்டீரியா அன்று, செல்லுக்குள் உட்கரு கொண்ட பூஞ்சை. உயிரின வம்சாவளியில் அது பாக்டீரியாவைவிட நமக்கே நெருங்கிய உறவு என்பதைக் கள்ளுக்கடையில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.)

இந்தக் கலயத்தை முன்வைத்து மனிதரையும் பாக்டீரியாவையும் ஒப்பிடலாம் என்று தோன்றுகிறது. ஆயுள், இனப்பெருக்கம், பரிணாமம் ஆகிய மூன்றிலும் இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லும்போது, பாக்டீரியாவின் ஆயுள் இருபது நிமிடம், மனிதனின் ஆயுள் எழுபது ஆண்டு என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அந்த முதல் வரியே தவறு. இருபது நிமிடம் என்பது, நல்ல உணவும் உடல் சூடும் கிடைக்கும்போது ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிரிய எடுத்துக்கொள்ளும் நேரம். மனிதரில் அதற்கு இணையாக வைக்க வேண்டியது ஆயுளை அன்று. ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள இடைவெளியை, அதாவது ஏறத்தாழ 25 ஆண்டை. பிரியும்போது அந்த பாக்டீரியா சாவதில்லை. பிணம் என்று எடுத்துக் காட்ட எதுவும் மிஞ்சாமல், ஒன்று இருந்த இடத்தில் இரண்டு இருக்கின்றன. இவற்றில் தாய் எது, மகள் எது என்று கேட்டால் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்ல முடியாது.

மனிதரிடம் வாழும் உடலும் அடுத்த தலைமுறைக்கான விதையும் தனித்தனியே பிரிந்து கிடக்கின்றன. அடுத்த தலைமுறைக்குப் போகக்கூடியவை கருமுட்டையும் விந்தணுவும் மட்டுமே. கண், கை, மூளை, ஈரல் எல்லாம் அந்த ஒரு வேலைக்குத் துணையாகக் கட்டப்பட்டு, பிறகு தேய்ந்து, ஒரு நாள் நின்றுபோகும் உறுப்புகள். எனவே நமக்கு ஆயுள் என்ற ஒன்று இருக்கிறது. சரிபார்க்கப்பட்ட ஆவணங்களின்படி மிக நீண்டது, 1997இல் தமது 122ஆம் வயதில் இறந்த பிரான்ஸ் நாட்டுப் பெண்மணி ழான் கால்மானுடையது. பாக்டீரியாவுக்கு உடலும் விதையும் ஒரே செல். தன்னையே பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் பிள்ளைப்பேறு.

அப்படியானால் அதற்கு மூப்பே இல்லையா என்ற கேள்விக்கு நெடுங்காலம் இல்லை என்றே விடை சொன்னார்கள். பார்க்கப்போனால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. நீள்வட்டமான ஈ. கோலை நடுவில் பிரியும்போது ஒவ்வொரு மகளுக்கும் ஒரு முனை பழையதாகவும் ஒரு முனை புதிதாகவும் அமைகிறது. தலைமுறை தலைமுறையாகப் பழைய முனையையே பெற்று வரும் செல்கள் மற்றவற்றைவிடச் சற்று மெதுவாக வளர்கின்றன என்று 2005இல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. சேதமடைந்த புரதங்கள் அந்த முனையில் சேர்வது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஐந்து ஆண்டு கழித்து, செல்களை மிக நுண்ணிய வாய்க்கால்களில் அடைத்து நூற்றுக்கணக்கான பிரிவுகள் வரை பின்தொடர்ந்த வேறொரு குழு, வளர்ச்சி வேகம் குறையாமல் நிலையாக இருந்ததையும், ஆனால் நாளாக ஆகச் சாகும் வாய்ப்பு கூடியதையும் கண்டது. மூப்பு அங்கேயும் உண்டு, ஆனால் நம்முடையதைப் போல ஒரு வழிப்பாதை இல்லை என்பதாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மறுபுறம், பிரியாமலே காத்துக்கிடக்கும் ஆற்றல் இருக்கிறது. ஆந்த்ராக்ஸ் கிருமி உணவு தீர்ந்தால் கடினமான உறையிட்ட வித்தாகச் சுருங்கிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இலும் 1943இலும், பிரிட்டன் தனது கிருமி ஆயுதச் சோதனையை ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் நடத்தியது. அந்தச் சிறு தீவு ஃபார்மால்டிஹைடு கரைசலால் கழுவப்பட்டு, பாதுகாப்பானது என்று 1990இல்தான் அறிவிக்கப்பட்டது. இன்னும் வியப்பானது, தென் பசிபிக் கடலடியில் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் படிந்த சேற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள், உணவு கொடுத்ததும் வளர்ந்து பெருகியதாக 2020இல் வெளியான செய்தி. அங்கே உணவு அவ்வளவு அரிது என்பதால் அவை இத்தனை காலத்தில் பிரிந்ததே மிக அபூர்வமாக இருக்கும். ஒரே வகை உயிர்களில் ஒரு முனையில் இருபது நிமிடம், மறுமுனையில் கோடி ஆண்டு என்றால், சராசரி ஆயுள் என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை.

வேகமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இல்லை. கடலோரச் சேற்றில் வாழும் விப்ரியோ நேட்ரியஜன்ஸ் பத்து நிமிடத்துக்குள் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும். தொழுநோய்க் கிருமிக்கு இரண்டு வாரம் வரை ஆகும். தொழுநோய் தொற்றிய பின் அடையாளம் தெரியவே பல ஆண்டுகள் ஆவதற்கு இந்த மந்தம் ஒரு முக்கியக் காரணம்.

வேகத்தின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டித்தால் பத்து மணி நேரத்தில் முப்பது இரட்டிப்பு; ஒன்று 107 கோடியாகும். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடி. அந்த எண்ணிக்கையை எட்டப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. இதே வேகம் முழு நாளும் நீடித்தால் 72 இரட்டிப்புகள். ஒரு செல்லின் எடை ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 4,700 டன் வரும், அதாவது பத்து டன் ஏற்றிய லாரிகள் 470 வாளையார் சாவடியில் வரிசை கட்டி நிற்க வேண்டும். நிற்பதில்லை. உணவு தீர்கிறது, தன் கழிவான அமிலத்தில் தானே முடங்குகிறது, நம் வீட்டு மாவுப் பாத்திரத்தில் நடப்பதும் அதுவே. உளுந்தோடு வரும் லூக்கோனாஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் இரவில் மாவைப் பொங்க வைத்துவிட்டு, புளிப்பு ஏறியதும் அடங்கிவிடுகின்றன. ஆடி மழையில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சில்லென்று வீசும் நாட்களில், புது மாவில் ஒரு கரண்டி பழைய மாவைக் கலக்கும் வழக்கத்துக்கும் கணக்கு உண்டு: முதலில் நூறு மடங்கு கூடுதலான செல்களோடு தொடங்கினால் ஆறு ஏழு இரட்டிப்புகள் மிச்சமாகின்றன.

பால் கூட்டுறவுகளில் இந்தப் பெருக்கத்தைக் கடிகாரத்தால் அளக்கிறார்கள். சோதனைக் குழாயில் பாலோடு மெத்திலீன் நீலத்தைக் கலந்து உடல் சூட்டில் வைப்பார்கள். பாக்டீரியாக்கள் பாலில் உள்ள ஆக்சிஜனைத் தீர்க்கத் தீர்க்க நீலம் வெளுக்கும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீலமாகவே இருந்தால் மிக நல்ல பால். அரை மணிக்குள் வெளுத்தால் கறந்த இடத்திலோ கேனிலோ சுத்தம் போதவில்லை. மீனாட்சிபுரத்தில் தமிழ்நாட்டுப் பாலைப் பரிசோதிக்கும் கேரளச் சாவடியில் நிறுத்தப்படும் டேங்கர்களைப் பார்க்கும்போதெல்லாம், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தொட்டிக்குள் வேறு கணக்கில் ஓடுகிறது என்ற நினைப்பு எனக்கு வரும். குளிரூட்டி வேலை செய்தால் அந்தக் கடிகாரம் ஏறக்குறைய நின்றிருக்கும்.

இனப்பெருக்கத்துக்கு வந்தால், எண்ணிக்கையில் நாம் போட்டியிலேயே இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஆனால் நம் குழந்தை நம்முடைய நகல் இல்லை. தாயிடம் பாதியும் தந்தையிடம் பாதியுமாக மரபணுக்களைக் கலைத்துப் போட்டுப் புதிய சேர்க்கை ஒன்றை உண்டாக்குகிறோம். பாக்டீரியா பிரியும்போது நகல்தான் எடுக்கிறது. புதிய சரக்கு தேவையென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, அதை எங்கள் ஊர்ச் சொல்லில் கைமாற்று என்றே சொல்லலாம். பக்கத்து செல் இறந்து சிதறிய டி.என்.ஏ. துண்டை உறிஞ்சிக்கொள்ளும், செல்லோடு செல் குழாய் வைத்து பிளாஸ்மிட் எனப்படும் டி.என்.ஏ. வளையத்தை வாங்கிக்கொள்ளும், சில சமயம் வைரஸ் ஒன்று சுமந்து வந்து போட்டுவிட்டுப் போகும். கடன் கொடுப்பவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே இனமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. 1928இல் பிரடெரிக் கிரிஃபித், சூட்டில் கொன்ற நிமோனியா கிருமியோடு தீங்கற்ற கிருமியைச் சேர்த்து எலிக்குச் செலுத்தியபோது எலி இறந்தது. தீங்கற்றது செத்ததிடமிருந்து எதையோ பெற்றிருந்தது. அந்த எதையோதான் டி.என்.ஏ. என்று 1944இல் ஏவரியும் அவருடைய இரு கூட்டாளிகளும் நிறுவினார்கள். மரபு என்பது எதில் எழுதப்பட்டிருக்கிறது என்று மனிதகுலம் தெரிந்துகொண்டதே பாக்டீரியாவின் இந்தக் கைமாற்றுப் பழக்கத்தால்தான்.

பரிணாமத்தைப் பற்றிப் பேசும்போது, பாக்டீரியா வேகமாக மாறும், மனிதன் மெதுவாக மாறுவான் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் உண்மை தலைகீழானது. பிறக்கும் ஒவ்வொரு மனிதக் குழந்தையிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்துப் பிழைகள், அதாவது டி.என்.ஏ.வை நகலெடுக்கையில் விழும் மாற்றங்கள், இருக்கின்றன. பெரும்பாலானவை தந்தை வழியில் வருபவை, அவருடைய வயதுக்கு ஏற்பக் கூடுபவை. ஈ. கோலையோ தன் 46 லட்சம் எழுத்துகளையும் நகலெடுக்கும்போது ஏறத்தாழ ஆயிரம் பிரிவுக்கு ஒரு பிழைதான் விடுகிறது. அத்தனை கச்சிதமான நகலெழுத்தாளரிடமிருந்து மாற்றம் எப்படி வருகிறது என்றால், கூட்டத்தால் வருகிறது. மேலே போட்ட கணக்கில் பதினொரு மணி நேரத்தில் செல்கள் 859 கோடியாகியிருக்கும். ஆயிரத்துக்கு ஒன்று என்றாலும் 86 லட்சம் பிழைகள் விழுந்திருக்கும். எழுத்துகளே 46 லட்சம்தான். அதாவது ஒரு குடுவை நிறைவதற்குள் அந்தப் புத்தகத்தின் ஏறத்தாழ எல்லா எழுத்தும் எங்கோ ஒரு செல்லில் ஒரு முறையாவது மாற்றி எழுதப்பட்டுவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை வீண். ஒன்றிரண்டு, நாளை ஒரு மருந்து வந்தால் பிழைக்க உதவுபவை.

"நாளை வந்தால்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்தைப் பார்த்துக் கிருமி தன்னை மாற்றிக்கொள்கிறது, அதற்கு மருந்து பழகிவிட்டது என்று பேசுவது எங்கும் வழக்கம். 1943இல் லூரியாவும் டெல்பிரூக்கும் அதைச் சோதித்துவிட்டார்கள். தனித்தனிக் குழாய்களில் வளர்த்த பாக்டீரியாக்களை அவற்றைக் கொல்லும் வைரஸோடு சேர்த்தபோது, தப்பியவற்றின் எண்ணிக்கை குழாய்க்குக் குழாய் வெகுவாக வேறுபட்டது. சிலவற்றில் ஒன்றுமில்லை, சிலவற்றில் நூற்றுக்கணக்கில். வைரஸைக் கண்டபின்தான் மாற்றம் ஏற்பட்டதென்றால் எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு தப்பியிருக்க வேண்டும். மாற்றம் முன்கூட்டியே, தற்செயலாக, சில குழாய்களில் முந்தியும் சிலவற்றில் பிந்தியும் நிகழ்ந்துவிட்டிருந்தது என்பதே இதன் பொருள். மருந்து எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதில் பொறுக்குகிறது.

காசநோய்க்கு ஒரே மருந்தைத் தராமல் பலவற்றைச் சேர்த்துத் தருவதன் தர்க்கம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஐசோனியாசிட் மருந்துக்குத் தப்பும் பிழை சுமார் 10 லட்சம் செல்லுக்கு ஒன்றில் இருக்கும். ரிஃபாம்பிசினுக்குத் தப்புவது சுமார் 10 கோடிக்கு ஒன்றில். நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் 10 கோடி முதல் 100 கோடி வரை கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்புகிறவை ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. இரண்டுக்கும் ஒருசேரத் தப்ப வேண்டுமானால் வாய்ப்பு 100 லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. மருந்தைப் பல மாதம் தொடர்வது, மந்தமாகவும் உறக்கத்திலும் கிடக்கும் மீதிக் கிருமிகளுக்காக. இந்த நீண்ட சிகிச்சையைச் சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தபடியே ஏழை நோயாளிகளுக்கு வெற்றிகரமாகத் தரமுடியும் என்று உலகுக்குக் காட்டியது, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு.

பொறுக்குவது தொடர்ந்து நடந்தால் என்ன ஆகும் என்பதை ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கி வைத்த சோதனையில் காணலாம். ஒரே மூதாதையிலிருந்து பிரித்த ஈ. கோலையைப் பன்னிரண்டு குடுவைகளில் விட்டு, ஒவ்வொரு நாளும் நூற்றில் ஒரு பங்கைப் புதிய திரவத்துக்கு மாற்றினார்கள். நாளொன்றுக்கு ஆறேமுக்கால் தலைமுறைக்குச் சற்றுக் குறைவு. மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு என்றால் நமக்கு 12,000 தலைமுறை ஆகியிருக்கும். அந்தக் குடுவைகள் அதை ஐந்தே ஆண்டில் கடந்துவிட்டன. அவை குடித்த திரவத்தில் முதல் நாளிலிருந்தே சிட்ரேட் என்ற பொருளும் இருந்தது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் அதை உண்ண ஈ. கோலைக்குத் தெரியாது. சுமார் 31,000 தலைமுறைக்குப் பின், 2003இல், பன்னிரண்டில் ஒரு குடுவை மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கியிருந்தது. அதிலிருந்தவை சிட்ரேட்டை உண்ணத் தொடங்கியிருந்தன. ஐந்நூறு தலைமுறைக்கு ஒரு முறை உறையவைத்துச் சேமித்திருந்த மூதாதைகளை எழுப்பி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தபோது, முன்னரே ஏற்பட்டிருந்த வேறு மாற்றங்கள்தான் இந்தத் திறனுக்கு வழி திறந்திருந்தன என்று தெரிந்தது. எனக்கு இந்தச் சோதனையில் பிடித்தது அந்த உறைபெட்டிதான். கொள்ளுத்தாத்தாவை எழுப்பிப் பேரனோடு ஓட்டப்பந்தயம் வைக்க முடிவது பாக்டீரியா ஆராய்ச்சியில் மட்டுமே.

மனிதரில் இயற்கைத் தேர்வைக் காண எங்களுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. பாலக்காட்டின் வடக்கே, கோயம்புத்தூரை ஒட்டிய அட்டப்பாடியின் பழங்குடியினரிடையே அரிவாள் செல் மரபணு இன்றும் இருக்கிறது. இந்தியாவில் அது முதன்முதலாக 1952இல் பதிவானதும் பக்கத்து நீலகிரி மலையில்தான். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் ரத்த அணுக்கள் அரிவாள் போல் வளைந்து, வலியும் சோகையுமாக வாழ்நாள் நோய். மலேரியா மண்டிய காடுகளில் பிழைத்திருக்க ஒரு மக்கள் கூட்டம் தன் பிள்ளைகளில் சிலரை விலையாகக் கொடுத்திருக்கிறது. நம் இனத்தில் தேர்வு நடக்கும்போது அதன் விலை இப்படித்தான், பெயரும் முகமும் உள்ள குழந்தைகளில் கணக்கிடப்படுகிறது. விடுதலையின்போது 32 அளவில் இருந்த இந்தியரின் சராசரி ஆயுள் இன்று 70ஐ எட்டியிருப்பதற்கு மரபணுவில் எந்த மாற்றமும் காரணமில்லை. மூன்று தலைமுறையில் அது முடியாது. குடிநீரும் தடுப்பூசியும் பிரசவ அறையும் மருந்தும் செய்த வேலை அது.

சுமை தேவையற்றுப் போகும்போது அதை இறக்கி வைக்க எவ்வளவு காலம் ஆகிறது என்பதில்தான் இரண்டு உயிர்களுக்கும் உள்ள தூரம் முழுமையாகத் தெரிகிறது. கொலிஸ்டின் என்பது வேறெதுவும் கேட்காத கிருமிகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுக்கும் மருந்து. அதையே கோழி, பன்றிப் பண்ணைகளில் எடை கூடத் தீவனத்தோடு கலந்து வந்தார்கள். அதற்குத் தப்பும் மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் ஏறிக் கைமாறுகிறது என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. 2017இல் சீனா தீவனத்தில் கொலிஸ்டினைத் தடை செய்தது. 2019இல், பல்லடம், நாமக்கல் கோழிகள் நாள்தோறும் எல்லை தாண்டி கேரளத்துக்கு வரும் நம் நாட்டிலும் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. சீனாவில் இரண்டு மூன்று ஆண்டுக்குள் அந்த மரபணு பன்றிகளிடமும் மனிதரிடமும் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மருந்து இல்லாத இடத்தில் அந்தச் சுமையைத் தூக்கித் திரியும் செல், தூக்காத செல்லைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. சில ஆயிரம் தலைமுறையில் அந்தச் சற்று போதுமானதாகிறது.

அரிவாள் செல் மரபணுவுக்கு இதே கணக்கைப் போட்டால், மலேரியா அடியோடு ஒழிந்துவிட்டது, நோயுள்ளவர் எவருக்கும் வாரிசு இல்லை என்ற கொடிய அனுமானத்தை வைத்துக்கொண்டாலும், ஒரு சமூகத்தின் மரபணுக்களில் நூற்றுக்குப் பத்தாக இருப்பது ஐந்தாகக் குறையப் பத்துத் தலைமுறை, அதாவது 250 ஆண்டு ஆகும். ஒன்றாகக் குறைய 2,000 ஆண்டுக்கு மேல். நோயின் கடுமையைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையோடு நோயாளிகள் வளர்ந்து, மணந்து, பிள்ளை பெறும் இன்றைய நிலையில் இன்னும் நீளும். 2023இல் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் நோய் ஒழிப்பு இயக்கம் குறித்திருக்கும் ஆண்டு 2047. ஒரு மனிதத் தலைமுறைக்கும் ஓர் ஆண்டு குறைவான அந்தக் காலத்துக்குள் செய்ய முடிவதெல்லாம், மலையோர ஊர்களில் விரல் குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனையும், மணமாகும் இருவரையும் உட்கார வைத்துப் பேசும் ஆலோசனையும், மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வதும்தான். மரபணு தன் போக்கில் அப்படியேதான் இருக்கும்.